மாத்திரை 'செட்' ஆவது என்றால் என்ன? பைபோலாருக்கு மருந்து தேடுபவர்களுக்கு

மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்துவிடுவார். எந்த ஊர், யாருக்குப் பார்க்க வந்திருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக இப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்: "மாத்திரை செட் ஆயிடுச்சா?"

என் தம்பிக்கு பைபோலார் என்று சொன்ன புதிதில் ஒரு அம்மா என்னிடம் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குகிறது, இதில் செட் ஆக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒன்றரை வருஷம், நாலு மருந்து, இரண்டு அட்மிஷன், ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் எல்லாம் ஆன பிறகுதான் அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று தெரிந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் டாக்டர் எங்களை வைத்துச் சோதனை செய்கிறார் என்று வீட்டில் எல்லோருமே ஏதோ ஒரு நாளில் சொல்லியிருக்கிறோம், நான் உட்பட. இப்போது திரும்பிப் பார்த்தால் அவர் குருட்டாம்போக்கில் மாற்றவில்லை, அதற்கு ஒரு வரிசை இருந்தது, அது எங்களுக்குத்தான் தெரியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டர் எதிரே உட்காரும்போது அவர் ஏன் இதைக் கேட்கிறார், ஏன் இதை மாற்றுகிறார் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான்.

நோய் ஒன்று, வேலை மூன்று

பைபோலார் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநிலை இரண்டு முனைகளுக்குப் போகும் நோய். ஒரு முனை மேனியா: இரண்டு மணி நேரத் தூக்கமே போதும் என்று இருக்கும், பேச்சு நிற்காது, பணம் தண்ணீராக ஓடும், நம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தோன்றும், முற்றினால் இல்லாததெல்லாம் கேட்கும், இல்லாததையெல்லாம் நம்பும். மறு முனை டிப்ரெஷன்: எழுந்து பல் துலக்குவதே மலையாகத் தெரியும். நடுவில் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், சாதாரணமாக இருப்பார்கள். மேனியா முழுதாக வருவது முதல் வகை. அதன் மிதமான வடிவம் மட்டும் வந்து டிப்ரெஷன் அதிகம் படுத்துவது இரண்டாம் வகை. இரண்டும் கலந்து, உடம்பில் பரபரப்பும் மனசில் இருட்டும் ஒரே நேரத்தில் இருக்கும் நாட்களும் உண்டு, அவைதான் ரொம்ப ஆபத்தானவை.

இப்போது மருந்துக்கு வருவோம். இந்த நோயில் மருந்துக்கு மூன்று வேலை இருக்கிறது. ஏறியதை இறக்க வேண்டும், விழுந்ததைத் தூக்க வேண்டும், அடுத்த ஏற்றமும் அடுத்த விழுதலும் வராமல் தடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே அளவுக்குச் சிறப்பாகச் செய்யும் மருந்து என்று ஒன்று இல்லை. ஒன்று மேனியாவை ஒரு வாரத்தில் அடக்கும், டிப்ரெஷனைத் தொடவே தொடாது. இன்னொன்று டிப்ரெஷன் திரும்ப வருவதைத் தடுக்கும், மேனியா உச்சத்தில் இருக்கும்போது அதைக் கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கொடுத்த மாத்திரை வேறு, ஆறு மாதம் கழித்துக் கொடுப்பது வேறு என்றால் முதலில் கொடுத்தது தப்பு என்று அர்த்தமில்லை. வேலை மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஆரம்பமே கோணலாகத்தான் ஆனது. தம்பி முதலில் விழுந்தது டிப்ரெஷனில். பெரும்பாலானவர்கள் டாக்டரிடம் போவது அந்த நிலையில்தான், மேனியாவில் இருப்பவர் தனக்கு உடம்பு சரியில்லை என்று ஏன் நினைக்கப் போகிறார்? பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம், டிப்ரெஷனுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தார். மூன்றாவது வாரம் பிள்ளை கலகலப்பாகிவிட்டான். வீடே சந்தோஷப்பட்டது, அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தக் கிளம்பினார். நாலாவது வாரம் டிராவல்ஸ் ஆரம்பிக்கப் போகிறேன் என்று மூன்று வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றான், அதில் ஒன்று வட்டிக்கு வாங்கிய பணம். ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பைபோலார் இருப்பவருக்கு டிப்ரெஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவுக்குத் தூக்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த மனநல மருத்துவர்கள் டிப்ரெஷன் என்று வருபவரிடமும், "எப்பவாவது தூக்கமே இல்லாம, ஆனா அசதியும் இல்லாம, நாலஞ்சு நாள் ரொம்ப உற்சாகமா இருந்திருக்கீங்களா?" என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நோயாளி இல்லை என்பார், கூட வந்தவருக்குத்தான் ஞாபகம் வரும். கூட வந்தவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. எங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு வருஷம் முன்பு கல்லூரியில் ஒரு வாரம் தூங்காமல் ஒரு கலை விழாவையே ஒற்றை ஆளாக நடத்தினான் என்பதை நாங்களும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

லித்தியம்: ஒரு உப்பின் கதை

பைபோலார் மருந்துகளில் மூத்தது லித்தியம். இது ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் செய்த பொருள் இல்லை, மண்ணிலும் பாறையிலும் கிடைக்கும் ஒரு உலோகத்தின் உப்பு. ஃபோன் பேட்டரியில் இருக்கிறதே, அதே லித்தியம்தான். 1940களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், மெல்பர்ன் பக்கம் பண்டூராவில் இருந்த மனநல மருத்துவமனையில் பயன்படாமல் கிடந்த ஒரு சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கி கினிப் பன்றிகளை வைத்து ஏதோ தேடப் போய், லித்தியம் கொடுத்த பன்றிகள் சாதுவாகக் கிடப்பதைப் பார்த்தார். முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மேனியாவில் இருந்த 10 பேருக்குக் கொடுத்தார். முதல் ஆளுக்கு 51 வயது, ஐந்து வருஷமாக அடங்காத மேனியா. சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். அப்புறம் மாத்திரையை விட்டார், மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட் முதன்முதலாக லித்தியம் கொடுத்த அந்த மேனியா நோயாளியும் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருந்திருக்கிறார். அவர் 1950ல் லித்தியம் உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் இறந்துபோனார்.

ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் பழக்கம் அப்போது இல்லை. அமெரிக்காவில் அதே காலத்தில் இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பை விற்று, அதில் சிலர் இறந்து, மருந்துக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ என்பவர் விடாமல் ஆராய்ந்து காட்டியதும், ரத்த அளவு பார்க்கும் வழி வந்ததும்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1970ல்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், லித்தியத்தில் 'டோஸ்' என்பது நீங்கள் விழுங்கும் மில்லிகிராம் இல்லை, ரத்தத்தில் நிற்கும் அளவு (ரிப்போர்ட்டில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று வரும்). ஒரே 900 மில்லிகிராம் ஒருவருக்கு 0.5 காட்டும், இன்னொருவருக்கு 1.0 காட்டும், சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதைப் பொறுத்தது. நீண்ட காலத் தடுப்புக்கு 0.6 முதல் 0.8 வரை வைப்பது வழக்கம், மேனியாவில் கொஞ்சம் அதிகமாக வைப்பார்கள், 1.5க்கு மேல் போனால் விஷம். மருந்து வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் இடைவெளி இவ்வளவுதான். அதனால் டோஸை மாற்றியபின் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து ஒரு தடவை, நிலைப்பட்ட பிறகும் சில மாதத்துக்கு ஒரு தடவை லெவல் பார்க்கச் சொல்வார்கள். கூடவே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். லித்தியம் தைராய்டை மந்தமாக்கக்கூடும், பல வருஷம் போனால் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். தைராய்டு குறைந்தால் அதற்கு ஒரு மாத்திரை சேர்ப்பார்கள், லித்தியத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றில்லை.

லெவல் பார்க்கும்போது நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். ரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. தம்பிக்குக் காலையும் இரவும் மாத்திரை. லேபுக்குக் கிளம்பும்போது, வெறும் வயிற்றில் போகிறானே என்று அம்மா இரண்டு இட்லியும் காலை மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டில் 1.3 வந்தது. லேபில் இருந்த பையன் அதைச் சிவப்பில் வட்டம் போட்டுக் கொடுக்க, நான் பதறி டாக்டருக்கு ஃபோன் போட்டேன், அவர் கேட்ட முதல் கேள்வியே "காலையில மாத்திரை போட்டாரா?" என்பதுதான். மறுநாள் சரியாக எடுத்தபோது 0.8. இட்லியால் ஒன்றுமில்லை, மாத்திரையால்தான் வினை.

இன்னொன்று உப்பும் தண்ணீரும். உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், லெவல் ஏறிவிடும். ஆகவே அக்னி நட்சத்திர வெயிலில் வேலை, வாந்தி பேதி, உப்பில்லாமல் சாப்பிடும் விரதம், ரமலான் நோன்பு, திடீர் டயட் இவையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயங்கள். உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், வழக்கம்போல் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப். "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஏதாவது ஒன்று இருக்கும். இவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். பாராசிட்டமால் பரவாயில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், லோசார்ட்டன் வகை, எனலாப்ரில் வகை, சிறுநீர் போக வைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, இதே வேலையைச் செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் என்றாலும், லித்தியம் சாப்பிடுகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் இவை சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

இவ்வளவு தொந்தரவு இருந்தும் ஏன் இதைக் கொடுக்கிறார்கள்? நோய் அடுத்த தடவை வராமல் தடுப்பதில் இதற்கு இருக்கும் ஆதாரம் வலுவானது. 2010ல் வெளியான பேலன்ஸ் என்ற ஆய்வில், வால்புரோயேட் என்ற இன்னொரு பைபோலார் மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களைவிட லித்தியம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. தற்கொலை ஆபத்தைக் குறைக்கிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. மூளையில் அது சரியாக என்ன செய்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.

மற்றவை

வால்புரோயேட் வலிப்புக்கு வந்த மருந்து. மேனியாவில் சீக்கிரம் வேலை செய்யும், லித்தியம் போல அளவைக் கத்திமுனையில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. எடை ஏறும், முடி கொட்டும், கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை நான் கத்திச் சொல்வேன்: குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இது பொதுவாகக் கூடாது. கர்ப்பத்தில் சாப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்பதிலும் சிக்கலும் வருகின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் கட்டுப்பாடு மிகக் கடுமை. இங்கே "கல்யாணம் ஆகலையே, அப்புறம் பார்க்கலாம்" என்று 22 வயதுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள், அல்லது ஒரே நாளில் நிறுத்துகிறாள். இரண்டுமே அபாயம். குழந்தை பெறும் எண்ணம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் அதற்கும் சேர்த்தே திட்டம் வேண்டும்.

லமோட்ரிஜின், டிப்ரெஷன் பக்கம் அதிகம் விழுபவர்களுக்கு நல்ல தடுப்பு. எடை ஏறாது, தூக்கம் தள்ளாது. ஆனால் ரொம்ப மெதுவாக ஏற்ற வேண்டும்: வழக்கமாக இரண்டு வாரம் 25, அடுத்த இரண்டு வாரம் 50, அப்புறம் 100, பிறகு 200 மில்லிகிராம். வால்புரோயேட்டும் கூட இருந்தால் இதிலும் பாதி. அவசரப்பட்டு ஏற்றினால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம், உயிருக்கே ஆபத்தான வகையும் உண்டு. அரிப்போ தடிப்போ தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாலைந்து நாள் தொடர்ந்து விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது, பழையபடி 25லிருந்துதான். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இந்த மாத்திரையைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அது வேலை செய்யும் அளவை இன்னும் எட்டவே இல்லை.

கார்பமசெபைன் பழைய மருந்து, இப்போது குறைவு. மற்ற மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரை உட்பட.

அடுத்து குயட்டியாபின், ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் வகை. பெயரை கூகுளில் தட்டினால் 'ஆன்ட்டி சைக்காட்டிக்', மனச்சிதைவு என்று வரும். எங்கள் மாமா அப்படித் தட்டிவிட்டு, "புள்ளைக்கு என்னவோ பெரிசா இருக்கு, மறைக்கிறாங்க" என்று ஊரைக் கூட்டினார். இவை பைபோலாருக்கும் முறையாகப் பயன்படும் மருந்துகள்தான். மேனியாவை நாள் கணக்கில் அடக்க இவைதான் கை கொடுக்கும். குயட்டியாபின் பைபோலார் டிப்ரெஷனுக்கும் வேலை செய்யும். விலை என்னவென்றால் தூக்கம், எடை, சர்க்கரை, கொழுப்பு. ஒலான்சபினில் பசி அடங்கவே அடங்காது, தம்பி நாலு மாதத்தில் 11 கிலோ ஏறினான், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோற்றுப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்கும். அரிபிப்ரசோலில் எடை அவ்வளவு ஏறாது, ஆனால் சிலருக்கு உட்கார முடியாத ஒரு தவிப்பு வரும், கால் நிலைகொள்ளாது. அதை மேனியா என்று நினைத்து டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். லுராசிடோன் என்று ஒன்று இருக்கிறது, அதை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் ஏறத்தாழ பாதிதான் சேரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவரிடம் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்பதன் ரகசியம் இதுதான்.

ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா?

எல்லோருக்கும் வரும் நியாயமான கேள்வி. இவருக்கு லித்தியம் பிடிக்கும், அவருக்கு வால்புரோயேட் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இல்லை. உமிழ்நீர் கொடுத்தால் எந்த மருந்து செட் ஆகும் என்று சொல்கிறோம் என ஆயிரக்கணக்கில் வாங்கும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. பைபோலாருக்கு மருந்து தேர்ந்தெடுக்க அவை போதாது, என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் இரண்டு வருஷத்துக்கு லெவல் பார்க்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. கார்பமசெபைன் கொடுக்கும் முன் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்ப்பது. ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் இது இருந்தால் தோல் எரிந்தது போல உரியும் ஆபத்து அதிகம். அதுகூட எது ஆகாது என்று சொல்லும் டெஸ்ட்தான், எது ஆகும் என்று சொல்வதில்லை.

அப்படியானால் டாக்டர் எதை வைத்து முடிவு செய்கிறார்? இப்போது எந்த முனையில் இருக்கிறார், இதுவரை மேனியா அதிகமா டிப்ரெஷன் அதிகமா, வருஷத்துக்கு எத்தனை தடவை, ஆணா பெண்ணா, சிறுநீரகம் தைராய்டு எப்படி, சர்க்கரை உண்டா, முன்பு எது கேட்டது, எது கேட்கவில்லை. கூடவே குடும்பத்தில் யாருக்கு எது கேட்டது. இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் கதையையே திருப்பியது.

வால்புரோயேட்டும் ஒலான்சபினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், குண்டாகிறேன், முடி கொட்டுகிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தி, இரண்டாவது அட்மிஷனில் கிடந்தான். டாக்டர் அப்பாவிடம் குடும்பத்தில் யாருக்காவது என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். அப்பா வழக்கம்போல இல்லை என்றார். அன்று சாயங்காலம் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். லித்தியம் கார்பனேட் 300. "நரம்புத் தளர்ச்சி மாத்திரைன்னு உங்க சித்திகிட்ட சொல்லி வச்சிருக்கேன்மா. பதினெட்டு வருஷமாச்சு." அந்த மனிதர் பதினெட்டு வருஷமாக மாதா மாதம் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. லித்தியம் நன்றாகக் கேட்பது ரத்த உறவுகளுக்குள் தொடர்வதுண்டு. மறுநாளே டாக்டர் தம்பிக்கு லித்தியம் தொடங்கினார். சித்தப்பா அதை இரண்டு வருஷம் முன்பு சொல்லியிருந்தால் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் எதைச் சொல்லிவிட முடிந்திருக்கிறது?

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

மேனியா என்றால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். டிப்ரெஷன் என்றால் சரியான அளவை எட்டிய பிறகு நாலு முதல் ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கே தெரியாது, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினாலும் அதே கதைதான்.

சிக்கலானது மூன்றாவது வேலை, தடுப்பு. வராமல் போன ஒன்றை எப்படி அளப்பது? முன்பு வருஷத்துக்கு இரண்டு தடவை விழுந்தவர் இந்த வருஷம் ஒரு தடவை, அதுவும் ஆஸ்பத்திரி வரை போகாமல் விழுந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வீட்டிலோ "மாத்திரை சாப்பிட்டும் வந்துடுச்சே" என்பார்கள். ஒன்றுமே வராவிட்டால் "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்திரை" என்பார்கள். ஆக எப்படிப் பார்த்தாலும் மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய், குறிப்பாக மேனியா, வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் வரை இழுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

பக்க விளைவைப் பொறுத்தவரை எனக்குப் புரிந்தது, வாயைத் திறந்து பேரம் பேச வேண்டும் என்பதுதான். லித்தியத்தில் கை லேசாக நடுங்கும். தம்பிக்கு டீ டம்ளரைப் பிடித்தால் தளும்பும், கடையில் நண்பர்கள் முன்னால் குடிக்கவே மாட்டான். அதற்காகவே நிறுத்தப் பார்த்தான். டாக்டரிடம் சொன்னபோது அவர் லெவல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீயைக் குறைக்கச் சொன்னார், மொத்த மாத்திரையையும் இரவுக்கு மாற்றினார், தேவைப்பட்டால் நடுக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது என்றார். தேவைப்படவில்லை. காலையில் எழ முடியவில்லை என்றால் தூக்கம் வரவைக்கும் அந்த மாத்திரையை ராத்திரி கொஞ்சம் சீக்கிரமே போடலாம், எடை ஏறினால் வேறு மருந்துக்கு மாறலாம், ஆண்களும் பெண்களும் வெட்கப்பட்டுச் சொல்லாத தாம்பத்தியப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தியவருக்கு எந்த வழியும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆப் எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி, மேனியாவில் ஃபோன் உடைவதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு வரி போதும்: எத்தனை மணி நேரம் தூங்கினார், மனசு எப்படி, மாத்திரை போட்டாரா, புதிதாக ஏதாவது. பின்பக்கத்தில் இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்தும், எவ்வளவு டோஸ், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார். "அதெல்லாம் குடுத்துப் பார்த்துட்டாங்க சார், கேக்கலை" என்பதைவிட, "குயட்டியாபின் 50, ஒன்பது நாள், தூக்கம் தாங்காமல் நிறுத்தினான்" என்று எழுதியிருந்தால் அந்த மருந்துக்கு ஒழுங்கான வாய்ப்பே கிடைக்கவில்லை என்று டாக்டருக்குப் புரிந்துவிடும், கணக்கிலிருந்து ஒரு மருந்து வீணாகத் தொலையாது. தூக்கம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குறைந்து, அசதியும் இல்லை என்றால் அதுதான் எங்கள் வீட்டு அபாய மணி, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருப்பதில்லை.

காசு விஷயம். லித்தியம், வால்புரோயேட், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் எல்லாம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில், பணமில்லாமல் கிடைப்பவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது, காப்பீட்டிலும் உடம்பு நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. மனசு ரொம்ப இருட்டாகி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் ராத்திரிகளுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த மாதிரி நாட்களில் மாத்திரை டப்பா மொத்தமும் நோயாளி கையில் இருக்க வேண்டாம், வீட்டில் ஒருவர் அன்றன்றைக்கு எடுத்துக் கொடுப்பது நல்லது. லித்தியம் மொத்தமாகப் போட்டால் ஆளைக் கொல்லும்.

தம்பி இப்போது லித்தியமும் இரவில் குறைந்த அளவு குயட்டியாபினும் சாப்பிடுகிறான். கடைசி லெவல் 0.7. ஏறிய 11 கிலோவில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறது, மிச்சம் இறங்க மாட்டேன் என்கிறது, அடுத்த மாதம் குயட்டியாபினை இன்னும் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆக அந்த அம்மாவை அதே பெஞ்சில் பார்த்தால் செட் ஆயிடுச்சு என்று சொல்வேனா என்று தெரியவில்லை, ஏறக்குறைய என்பேன். வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். புதன் ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, காலை எட்டரைக்கு லேப். நோட்டில் அவனே எழுதி வைத்திருக்கிறான், கீழே அம்மாவுக்காகக் கொட்டை எழுத்தில்: இட்லி ஓகே, மாத்திரை கிடையாது.